ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

என் பாப்பாவுக்கு,

உன் வேலை உத்தரவை நான் படித்துவிட்டேன். தேடி எடுத்துப் படிக்கவில்லை. உன் கல்லூரிப் பையைத் துவைக்க எடுத்தபோது, அடியில் மடித்த துப்பட்டாவுக்குள் இருந்தது. பத்து நாட்களாக “கெமிக்கல் கம்பெனிம்மா, லேப்புல வேலை” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாயே, அது என்ன கெமிக்கல் என்று இப்போது தெரிந்துவிட்டது. பசை. செருப்பையும் ஷூவையும் ஒட்டுகிற பசை. அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. விக்கிரவாண்டி ஓட்டலில் பரோட்டா போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த உன் அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கை கழுவிவிட்டு வந்து படித்தார். “அவகிட்ட இன்னா சொல்லப் போற?” என்றார். எழுதப் போகிறேன் என்றேன். “எழுது. பேசினா பாதியில எழுந்து போயிடுவா. எழுதிக் குடுத்தா முழுசா படிக்காம உடமாட்டா. உன் ரத்தம்தான அது” என்று சிரித்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துகொண்டே படிப்பாய். எனக்குக் கோபம் இல்லை. எனக்குச் சந்தோஷம். தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு மல்லிகா அக்காவிடமும் சொன்னேன். அவள் “அடியே, நம்ம காலத் தின்ன கம்பெனிக்கே நம்ம பொண்ணு ஆபீசரா போறாளா? இதுக்கு நான் பாயசம் வைக்கறேன்” என்று அரிசி களையப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தைத் தெருப் பெண்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமையில் எல்லோருக்கும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நீயும் இதையெல்லாம் ஒன்பது வயது உயரத்திலிருந்து பார்த்தவள்தான். என் உயரத்திலிருந்து ஒரு தடவை பார்.

பத்தாவதோடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். இப்போது நாற்பத்திரண்டு வயதில், திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியாக, உயிரியல் நோட்டில் வண்ணப் பென்சிலால் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் நரம்புச் செல்லைப் படித்தேன். நட்சத்திரம் மாதிரி ஓர் உடல், அதிலிருந்து நீளமாக ஒரு வால். புத்தகத்தில் அந்த வாலை விரல் நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். நிஜத்தில் இடுப்புக்குப் பக்கத்தில் முதுகெலும்பின் ஓரமாக இருக்கிற ஒரு செல்லின் வால், கால் கட்டைவிரல் நுனி வரைக்கும் போகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லுக்கு என் பாதி உடம்பு நீளத்துக்கு ஒரு வால்! இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் காலில் தெரிந்துகொண்டேன்.

நீ நான்காவது படிக்கும்போது திண்டிவனத்தில் நம் தெருவில் பாதி வீடுகளில் செருப்பு ஒட்டும் வேலை நடந்தது. ஏஜெண்டு சேகர் அண்ணன் மூட்டையில் வார்களையும் அடித்தோலையும், டின்னில் சொல்யூஷன் என்கிற பசையையும் கொண்டுவந்து இறக்குவார். நாங்கள் பிரஷால் பூசி, காயவைத்து, ஒட்டிக் கொடுப்போம். நானும் மல்லிகா அக்காவும் நம் வீட்டு முன்னறையில் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்தோம். ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் சுற்றும், வாடை வரும், போய்விடும்.

பிறகு எதிர்வரிசையில், மல்லிகா அக்கா வீட்டை ஒட்டி இருந்த பழைய கிடங்கில் மல்லாட்டை உடைக்கிற மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். சீசன் ஆரம்பித்ததும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேர்க்கடலைத் தோல் தூசு பறந்தது. ஈரப் பசையில் அந்தச் சிவப்புத் தோல் வந்து ஒட்டினால் செருப்பைச் சேகர் அண்ணன் திருப்பிவிடுவார். ஒருநாள் ஒரு மூட்டையே திரும்பி வந்தது. அன்றைக்கு நான் எடுத்த முடிவுதான் என் வாழ்க்கையின் பெரிய தவறு. ஜன்னலைச் சாத்தினேன். காகிதத்தால் இடுக்கையும் அடைத்தேன். ஃபேனையும் நிறுத்தினேன். “பாருக்கா, ஒரு தூசு இல்ல” என்று மல்லிகா அக்காவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். விரலில் காய்ந்த பசையைச் சோப்பு எடுக்கவில்லை என்று தின்னரில் கையைக் கழுவினோம். அதே அறையில் ஒரு மூலையில் நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். “தல வலிக்குதும்மா” என்று நீ சொன்னாய். ஒரு நாள் இல்லை, பல நாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வாய்ப்பாடுன்னா உனக்கு தல வலிக்கும், டிவின்னா வலிக்காது.” இதற்கு நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

முதலில் கால் விரல் நுனிகள் மதமதவென்று ஆயின. தரை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து காய் வாங்கிக்கொண்டு வருகிறேன், பூக்கடைக்காரி கூப்பிடுகிறாள்: “யக்கா, இன்னா பேஷன் இது, ஒத்தச் செருப்பு?” குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. ஒரு தெரு முழுக்க ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறும் மண்ணோடும் நடந்திருக்கிறேன், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. “ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டற, உன் கால்ல ஒட்டல பாரு” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். வேறு யாருடைய பாதத்தையோ பிடித்த மாதிரி இருந்தது.

ஐப்பசி முடிவதற்குள் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை என்றார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்பாவின் ஓட்டலில் ஒருவர் யாரோ வைத்த கண் என்றார். எனக்கு எதையும் எழுதிவைத்தால்தான் புத்தி வேலை செய்யும். உன் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். எனக்கு எந்த மாதம் மரத்தது, மல்லிகா அக்காவுக்கு எந்த மாதம் மரத்தது. அவளும் அப்போது படியில் தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். பிறகு ஏரிக்கரையோரம் கீற்றுக் கொட்டகையில் அதே சேகர் அண்ணனுக்கு அதே சொல்யூஷனில் ஒட்டுகிற பெண்களிடம் போய் விசாரித்தேன். எட்டுப் பேர். ஒருத்திக்கும் கால் மரக்கவில்லை. கொட்டகைக்குச் சுவரே கிடையாது. வீட்டுக்கு வந்து நோட்டை விரித்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மரக்க ஆரம்பித்தது எதிரே மல்லாட்டை மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு. அதாவது, நான் ஜன்னலைச் சாத்திய பிறகு.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு விழுப்புரத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போதைய உன்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், ஒரு டாக்டரம்மா. என் பேச்சைப் பாதியில் நிறுத்தி, “அந்த நோட்டக் குடுங்க” என்று வாங்கி, வரிசையில் அத்தனை பேர் நிற்க, மூன்று பக்கத்தையும் படித்தார். “இத யார் எழுதினது?” என்றார். நான்தான் என்றேன். “எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?” பத்தாவது என்றேன். “பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க. அடுத்த வாரம் வரும்போது அந்தச் சொல்யூஷன் டின்ன எடுத்துக்கினு வாங்க. உங்க கூட வேலை செய்யறவங்களையும் கூட்டிக்கினு வாங்க. அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்களோ எல்லாரும் வரணும்.” எல்லோரும் என்று அவர் சொன்னபோதுதான் பாப்பா, மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிய நீ என் நினைவுக்கு வந்தாய். பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை எனக்குக் கால் மரத்ததே மறந்துபோயிற்று.

அடுத்த வாரம் நாம் போன பஸ் உனக்கு நினைவிருக்கும். காலி டின்னை இரண்டு நாள் மாடியில் வெயிலில் காயவைத்தும் வாடை போகவில்லை. “யம்மா, டின்னுல இன்னா? பெட்ரோல் நாத்தம் வருது” என்று கண்டக்டர் நிறுத்தினார். “காலி டின்னுங்க. டாக்டரம்மா எடுத்தாரச் சொன்னாங்க.” “டாக்டரு மாத்திரை குடுப்பாங்க, டின்னு கேப்பாங்களா? பேஜார் பண்ணாம எறங்கும்மா.” பின்சீட்டிலிருந்து ஒருவர், “உடு கண்டக்டரு, டின்னோட போறவங்க திரும்பி வரச்சொல்ல டிரம்மோடயா வரப்போறாங்க?” என்றதும் பஸ்ஸே சிரித்தது. மல்லிகா அக்கா டின்னை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, டோல்கேட்டில் நின்ற லாரிக்காரர்களை எல்லாம் பார்த்து முறைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா முதலில் உன்னைத்தான் மேசைமேல் உட்காரவைத்தார். ரப்பர் சுத்தியலால் உன் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு. உன் கால் பறந்துபோய் அவர் கையில் இருந்த பேனாவைத் தட்டிவிட்டது. பேனா உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. நீ திட்டு விழுமோ என்று என்னைப் பார்த்தாய். டாக்டரம்மா சிரித்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ பேனா போனதற்காக நான் அழுகிறேன் என்று நினைத்து, அலமாரிக்கு அடியில் புகுந்து தேட ஆரம்பித்தாய். இல்லை கண்ணு. உன் நரம்பு முழுசாக இருக்கிறது என்று அந்தப் பேனா சொல்லிற்று. அதற்காக அழுதேன். பிறகு என் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். என் பாதம் அசையவில்லை. மல்லிகா அக்காவின் பாதமும் அசையவில்லை.

டின்மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவர் ஒரு படம் வரைந்தார். அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. இன்றைக்கு மாணவியாக முழுசாகச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்து. அந்தச் சொல்யூஷனைக் கரைத்து வைத்திருக்கிற திரவத்தில் ஹெக்சேன் இருந்தது. மூச்சில் போன ஹெக்சேனை உடம்பு வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் நரம்புக்குள் போகிறது. நரம்பின் நீண்ட வாலுக்குள் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவைதான் அதற்கு எலும்புக்கூடு, வடிவம் கொடுப்பவை. அந்த இழைகளை இந்தப் பொருள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இழைகள் கற்றையாகத் திரண்டு அடைக்கின்றன. அந்த இடத்தில் நரம்பு வீங்குகிறது, மேலே போர்த்திய உறை விலகுகிறது. செல்லின் உடலிலிருந்து நுனிக்குப் போக வேண்டிய சரக்கு வழியில் சிக்கி நிற்கிறது. சரக்கு வராத நுனி வாடி உதிர்கிறது. மிக நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால்தான் கையைவிட முதலில் கால், காலிலும் முதலில் விரல். செருப்பை ஒட்டிய பசை எனக்குள் என் இழைகளையும் ஒட்டியிருக்கிறது.

“ஆனா ஒரு நல்ல சேதி” என்றார் டாக்டரம்மா. “வால்தான் வாடியிருக்கு. செல் உயிரோட இருக்கு. செல் இருந்தா வால் திரும்ப வளரும்.” “எவ்ளோ நாள்ல டாக்டரம்மா?” என்று மல்லிகா அக்கா கேட்டாள். “நல்லா வளர்ந்தா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.” மில்லிமீட்டர் என்றால் என்ன என்று அவள் என்னைக் கேட்டாள். உன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இம்மாத்தூண்டா? எங்க வூட்டுப் பொடலங்கா ஒரு நாளைக்கு ஒரு சாண் வளருதுங்க!” டாக்டரம்மா சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். “இன்னிக்கே நிறுத்துங்க. ஆனா நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே அடைச்சது அடைச்சதுதான், அந்த நுனியெல்லாம் உதிர்ந்து முடியணும். அதுக்கு அப்புறம்தான் வளரும். அப்ப பயந்துடக் கூடாது.” அதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடும் போட்டேன்.

அடிக்கோடு போடுவது சுலபம், பாப்பா. கார்த்திகையில் நிறுத்தினோம். மார்கழியில் கணுக்கால் வரை இருந்த மரப்பு கெண்டைக்கால் பாதிக்கு ஏறியது. நடக்கும்போது முன்பாதம் தொங்கித் தரையைத் தேய்த்தது. பொங்கலுக்குக் கோலம் போட உட்கார்ந்தவளை அப்பா தூக்கிவிட்டார். மல்லிகா அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினாள். சேகர் அண்ணன் வந்து வாசலில் நின்று, சத்தம் போடாமல், நியாயமாகத்தான் கேட்டார்: “யம்மா, சொல்யூஷன உட்டு ஒன்ற மாசம் ஆவுது. அதுதான் காரணம்னா இந்நேரம் கால் நல்லாவ வேணாமா? நல்லாவலன்னா கூடப் பரவால்ல, இன்னும் கேடாவுதே? அப்ப காரணம் வேற இன்னாவோ.” எனக்குப் பதில் தெரியும். நோட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் தொங்குகிற காலோடு உட்கார்ந்திருப்பவளுக்கு நோட்டைவிட அவர் கேள்விதான் உண்மையாகத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு நாள் கழித்து நானே அவரைக் கூப்பிட்டு, ஒரு டின் இறக்கச் சொன்னேன். எப்படியும் கால் போகிறது, சும்மா உட்கார்ந்து ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன்.

வாடை தெருவைத் தாண்டிப் போயிருக்கிறது. மல்லிகா அக்கா கம்பைப் பிடித்து, சுவரைப் பிடித்து, எதிர்வீட்டிலிருந்து வந்து சேர எத்தனை நேரம் ஆகியிருக்குமோ. வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “இன்னாடி நாத்தம்?” நான் டின்னை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன். “நோட்ட எடு.” “எதுக்குக்கா?” “எடுடின்னா. எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படி. அடிக்கோடு போட்டியே, அத படி.” படித்தேன். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடும், பயப்படக் கூடாது. “யாரு எழுதுனது?” “நான்தான்.” “அப்ப எதுக்குடி மூடியத் தொறந்த? ஊருக்கெல்லாம் டீச்சரு, சொந்த நோட்ட நம்ப மாட்டியா? ரெண்டு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள இன்னா ஜல்தி? நீ சொன்னன்னு நம்பி நான் குந்திக்கினு மாடி ஏறிக்கினு கெடக்கறேன்!” கம்பை நீட்டி மூடியை என் பக்கம் தள்ளினாள். நான் மூடியைப் போட்டு அழுத்தினேன். பத்தாவது வரைக்கும் படித்த என்னை, பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவள் என் எழுத்தைத் திருப்பிப் படிக்க வைத்தாள். படித்தவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு பாப்பா. எழுதிவிட்டதாலேயே நம்பிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம்.

தை முடிந்து மாசியில் மரப்பு ஏறுவது நின்றது. அதை நீதான் கண்டுபிடித்தாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, துடைப்பக்குச்சியால் முழங்காலிலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வருவாய். “இங்க?” “தெரியுது.” “இங்க?” “தெரியுது.” “இங்க?” மௌனம். அந்த இடத்தில் மருதாணியால் ஒரு பொட்டு வைப்பாய், முழங்காலிலிருந்து ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவாய். முதல் மூன்று ஞாயிறும் ஒரே அளவு. நான்காவது ஞாயிறு பொட்டைத் தாண்டி வந்தும் “தெரியுது” என்றேன். நீ நம்பவில்லை. “பொய் சொல்லாதம்மா, கண்ண நல்லா மூடு” என்று துண்டால் கட்டினாய். மறுபடியும் தொட்டாய். தெரிந்தது. பாதி விரல் அகலம் கீழே! மல்லிகா அக்கா “எனக்குப் பாரு, எனக்குப் பாரு” என்று புடவையை வாரிக்கொண்டு காலை நீட்டினாள். அவளுக்கு என்னைவிட ஸ்கேலில் இரண்டு கோடு கூட வந்திருந்தது. அதற்கு அவள் போட்ட கூச்சலில் மல்லாட்டை மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “எம் பொடலங்கா வளருதுங்க!” என்று அவரிடம் கத்தினாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மாதம் ஓர் அங்குலம் வளர்ந்தோம். யார் பொட்டு கீழே போகிறது என்று இரண்டு பேருக்கும் போட்டி. அந்தப் பொட்டுகளைக் காட்டித்தான் மற்றப் பெண்களிடம் பேசினோம். நம் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்டிய எல்லா வீட்டுக்கும் போனோம். இந்தச் சொல்யூஷன் வேண்டாம், தண்ணீரில் கரைகிற பசை இருக்கிறதாம், அதைக் கொண்டுவந்தால் ஒட்டுகிறோம் என்று எல்லோரும் ஒரே நாளில் மூட்டையைத் திருப்பினார்கள். சேகர் அண்ணனுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. “தண்ணிப் பசை காய எவ்ளோ நேரம் ஆவும் தெரியுமா? ஆர்டரே போயிடும்” என்று நம் வாசலில் நின்று கத்தினார். நான் நோட்டை விரித்துக் காட்டப் போனேன். மல்லிகா அக்கா என் கையைத் தட்டிவிட்டு, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தம்பி, உன் வூட்டுக்காரி கீழ ஒக்காந்தா எப்படி எழுந்திருக்கறா? சொவத்தப் புடிச்சிக்கினா?” அவர் மனைவியும் வீட்டில் ஒட்டுகிறவள்தான். சேகர் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பசையைக் கேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “விழுப்புரத்துல அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை பாப்பாங்க?” என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அந்த வெள்ளைப் பசை காய நேரம் ஆனது. கயிறு கட்டி வரிசை வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைக்கக் கற்றுக்கொண்டோம். ஆர்டர் எங்கும் போகவில்லை.

நாம் ஜெயித்தோம் பாப்பா. இதை நான் அடக்கமாகச் சொல்ல மாட்டேன். இனி நீ போகிற இடம் அந்த டின்னுக்குள் எதை ஊற்றுவது என்று முடிவு செய்கிற இடம். இத்தனை வருஷம் நாங்கள் டின்னுக்கு வெளியே நின்று போராடினோம், நீ உள்ளே போகிறாய். இதற்காக நான் ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். உன்னிடம் ஒரு பெண் வந்து “கால் மதமதன்னு இருக்குதுங்க” என்று சொன்னால், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதே. எந்த அறையில் வேலை செய்கிறாய், ஜன்னல் திறந்திருக்கிறதா, சாத்தியிருந்தால் எதற்காகச் சாத்தினாய் என்று கேள். சும்மா யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. அந்தக் காரணத்தைக் கேட்காமல் திறக்கச் சொன்னால், நீ அந்தப் பக்கம் போனதும் மறுபடி சாத்திவிடுவார்கள். எனக்குத் தெரியும், நான் சாத்தியவள். உன்னுடைய பசை தவறு என்று நீயே கண்டுபிடித்தால், அதையும் அடிக்கோடு போட்டு எழுது. எழுதிய பிறகு அதை நம்பு. நம்ப முடியாத நாளில் என்னைக் கூப்பிடு. நான் மல்லிகா அக்காவை அனுப்புகிறேன்.

கடைசியாக உனக்குத் தெரியாத ஒன்று. அடுத்த வருஷம் கத்திரி வெயிலில் நீ மரக்காணத்துக்கு உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய். எங்கள் பொட்டுகள் விரல்களின் அடி வரை வந்துவிட்டிருந்தன. விரல் நுனிகள் மட்டும் இன்னும் எங்களுடையவை இல்லை. மல்லிகா அக்கா யாரிடமும் சொல்லாமல் பனமலைக் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள், நடந்து மலை ஏறுவதாக. “நீயும் வா, டீச்சரு இல்லாம சாமி என்ன நம்பாது” என்று இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பஸ் மாறி, இரண்டும் தாமதமாகி, நாங்கள் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்பா சொன்ன மாதிரி விடிகாலையிலேயே கிளம்பியிருந்தால் இது நடந்திருக்காது. கீழே ஏரித் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. படிகளில் ஏறினோம். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன், அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் சூட்டைச் சொன்னது, பாதத்தின் நடு சொன்னது. அதெல்லாம் பழசு, மாசியிலேயே வந்துவிட்டது. பாதி ஏறியிருப்போம், நான் நின்றுவிட்டேன். “இன்னாடி, மயக்கமா?” என்றாள். வலது கட்டைவிரல் நுனியில் நெருப்பு வைத்தது போல இருந்தது. “அக்கா, சுடுதுக்கா” என்றேன். “வெயில்ல பாறை சுடாம குளிருமா?” என்று சொல்லிக்கொண்டே அடுத்த படியில் காலை வைத்தவள், அப்படியே காலைத் தூக்கிக்கொண்டாள். “ஐயோ! எங் கட்டவெரலு! யம்மா, எனக்கும் சுடுதுடி!”

இரண்டு கிழவிகள் மாதிரி ஏறிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாறையில் குதித்தோம். இந்தக் காலைத் தூக்கி, அந்தக் காலை வைத்து, சுடுது சுடுது என்று கத்திக்கொண்டு, அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு. மேலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் பயந்துவிட்டது. அந்த அம்மா ஓடிவந்து, “யம்மா, ஓரமா ஈரச் சாக்கு போட்டிருக்காங்க பாருங்க, அது மேல நடங்க, கால் பொத்துப்போயிடும்” என்று கையைப் பிடித்து இழுத்தாள். மல்லிகா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கையும் துடைத்துக்கொண்டாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, “நீங்க சாக்குல போங்க தாயி, நாங்க கல்லுலதான் போவோம்” என்று சொல்லிவிட்டு, விரல்களை நன்றாக விரித்து, அடுத்த படியில் காலை வைத்தாள்.

நானும் வைத்தேன். சுட்டது.

உன் அம்மா